ஹீத் துரையும் சேலத்து உருக்கும்

மாமல்லைக் கடற்கரையிலே கருங்கல்லைக் குடைந்து இரதங்களும் மண்டபங்களும் சமைத்த சிற்பியரை உலகம் புகழ்கின்றது. புகழத்தக்கதே. ஆயினும் அச்சிற்பியரின் உளிக்குக் கூர் தந்தவன் எவன் என்று கேட்பார் அரியர். கருங்கல் பச்சை இரும்புக்கு இணங்குவதன்று. வெறும் இரும்புளி சில அடிக்குள் முனை மழுங்கிப் போகும். எஃகு வேண்டும், எஃகுக்குக் கொல்லன் வேண்டும். நம் செங்கற்பட்டுச் சீமையைச் சார்ந்த சாணூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் பெருங்கற்காலத்து ஈமக்குழிகளை அகழ்ந்தபோது இரும்புக் கருவிகள் வெளிப்பட்டன. பல்லவருக்கு நெடுங்காலம் முன்னரே இங்கே கொல்லுலை எரிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கேள்வியை எகிப்து தேசத்துக் கல்தூண்களைக் குறித்துக் கேட்டவர் ஓர் ஆங்கிலேயர். அத்துணைக் கடிய கல்லில் எழுத்துப் பொறிக்க இந்திய உருக்கே உதவியிருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். இக்காலத்து ஆராய்ச்சியாளர் அதனை ஒப்புவதில்லை. கற்குண்டு, செம்புக் கருவி, மணல் ஆகியவற்றைக் கொண்டே எகிப்தியர் பெரும்பாலும் வேலை செய்தனர் என்பர். ஆயினும் நம் கொல்லரிடத்தில் அவர் கொண்ட மதிப்பு அக்கருத்தால் விளங்கும். அவரே ஜோசையா மார்ஷல் ஹீத் துரை. அவர் சரிதம் நம் குலத்து இளைஞர் அறியவேண்டுவதொன்று.

ஹீத் கும்பினியின் சென்னை உத்தியோகத்தில் அமர்ந்து, சேலம், கோயமுத்தூர்ப் பகுதிகளில் வர்த்தக அதிகாரியாய் இருந்தவர். சேலத்துக் கஞ்சமலை முதலிய மலைகளில் இரும்புக்கல் மலிந்து கிடப்பதைக் கண்டார். நாளடைவில் வேறெந்த நினைவும் அவர்க்கு இல்லாது போயிற்று. 1825இல் உத்தியோகத்தைத் துறந்தார். சீமைக்குச் சென்று இரும்புத் தொழிலைக் கற்றார். சென்னை அரசாங்கத்தாரிடம் உரிமையும் கடனும் பெற்றார். 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைக்களம் நிறுவினார். நிலையான சம்பளத்தை விட்டு நெருப்பை நம்பிய துணிவு எல்லார்க்கும் வருவதன்று.

அவர் நம்மவர் தொழிலை அருகிருந்து நோக்கிய விதமே ஈண்டு விரிவாகச் சொல்லத்தக்கது. தாம் கண்டதை 1839இல் இலண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அதன் சாரம் இது. கொல்லர் இரும்புக்கல்லை இடித்துப் புடைத்து, ஆள் உயரமும் இல்லாத மண்ணுலையில் கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் மூன்று நான்கு மணி நேரம் ஊதுவர். கட்டியாய்த் திரண்ட இரும்பைச் சிட்டம் போக அடித்துத் துண்டாக்குவர். உமிக்கரி கலந்த மண்ணால் மூசை செய்து, அதில் அரை முதல் இரண்டு இராத்தல் வரை இரும்பு வைத்து, அதன் நிறையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பர். இவ்வாறமைந்த இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாய் அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதினால் வேலை முடியும். ஆறிய மூசையை உடைத்தால், அதன் அடி வடிவாகவே உருக்குக் கட்டி கிடைக்கும். அதனை மறுபடியும் பல நாழிகை பதமாகக் காய்ச்சியே பாளமாக நீட்டுவர்.

இதில் ஹீத் வியந்தது யாது? ஐரோப்பாவில் இரும்பு எஃகாவதற்குப் பல நாள் கரியுள் வெந்து கிடத்தல் வேண்டும். இங்கோ சில மணியில் முடிந்தது. அடைத்த மூசையில் கட்டையும் இலையும் ஈயும் கரிச்சத்தும் வாயுவுமே காரணம் என்று அவர் உய்த்துணர்ந்தார். அவ்விரண்டையும் பற்றிச் சீமையில் வெவ்வேறு காலத்தில் இருவர் தனித்தனியே பேடண்டு பெற்றிருந்தனர். அவ்விரண்டும் சேலத்து மூசை ஒன்றினுள் எந்நாள் தொட்டோ அடங்கிக் கிடந்தன. மூசைக்காரன் பெயர் எங்கும் பதியப்படவில்லை. ஹீத்தும் அவருள் ஒருவர் பெயரையேனும் எழுதி வைத்திலர். அவர்பால் நான் காணும் குறை இஃதொன்றே.

பரங்கிப்பேட்டை ஆலைக்கோ கரிப்பஞ்சமும் தொலைவிலிருந்து கல்லேற்றி வருஞ் செலவும் பெரும் பகையாயின. கடன் பெருகவே, ஆலை கூட்டுக் கம்பெனியின் வசமாயிற்று. ஹீத் சீமைக்குச் சென்று, கத்திக்குப் பேர்போன ஷெப்பீல்டு நகரில் ஆராய்ச்சி செய்தார்.

அங்கே அவர் தீர்த்த சிக்கல் நம் பட்டறையார்க்கு எளிதில் விளங்கும். நம் வீட்டு அரிவாள்மணையை எண்ணுக. உடல் முழுதும் எஃகாயின் விலையும் மிகும், ஒடிதலும் உண்டு. முழுதும் இரும்பாயின் கூர் நில்லாது. ஆதலின் இரும்புடலில் எஃகு வாயை வைத்து, வெண்சூட்டில் காய்ச்சிப் பற்றவைத்து, தோய்ச்சல் கொடுப்பது வழக்கம். ஷெப்பீல்டு மேசைக்கத்திக்கும் அலகு எஃகு. கழுத்தும் வாலும் இரும்பு. ஆனால் மூசையில் உருக்கி வார்த்த எஃகு, பற்றவைக்கும் சூட்டில் சம்மட்டி பட்டதும் உதிர்ந்து போயிற்று. மேலும் நல்ல எஃகுக்கு ஸ்வீடன் தேசத்து விலையுயர்ந்த இரும்பே வேண்டியிருந்தது.

கரியோடு உருக்கிய மாங்கனீசை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மூசையிற் சேர்த்தால், உள்நாட்டு இரும்பிலிருந்தும் நல்ல எஃகு பிறக்கும். அது சூட்டில் உதிராமல் இரும்போடு ஒட்டும் என்று ஹீத் கண்டார். இரும்பிலுள்ள கந்தகத்தை மாங்கனீசு தன்பால் இழுத்துக் கொள்வதே காரணம் என்பது பின்னாளில் விளங்கியது. 1839 ஏப்ரலில் அவர் பேடண்டு பெற்றார். ஷெப்பீல்டில் எஃகின் விலை நூற்றுக்கு 30 முதல் 40 வரை இறங்கியது. இவ்வித்தையும் நம்மவரிடம் கவர்ந்ததே என்பார் சிலர். அது மிகை, சேலத்து மூசையில் மாங்கனீசு இட்டதாக ஹீத் எழுதிய குறிப்பில் இல்லை. நமக்குரிய புகழே போதுமானதாயிருக்க, பிறர்க்குரியதை வேண்டுதல் எற்றுக்கு?

இனி நேர்ந்தது துன்பம். மாங்கனீசைத் தனியே உருக்காமல், அதன் கரும்பொடியையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் இட்டாலும் அதே பயன் மலிவாய் விளையும் என்று ஹீத் பின்னர் அறிந்தார். தம் முகவராகிய அன்வின் என்பாருக்கும் அதனைச் சொன்னார். அன்வின் பிரிந்து போய் அம்முறையைத் தாமே கையாண்டார். பேடண்டில் எழுதியிருப்பது உருக்கிய பொருள், நான் இடுவதோ அதன் மூலப்பொருள்கள் என்று வாதித்தார். மூசையினுள் இவ்விரண்டும் ஒன்றாய் விடுவதை உலைமுன் நின்ற எவரும் அறிவர். எனினும் வழக்கு நீதிமன்றந்தோறும் பல ஆண்டு இழுபட்டது. நகரமெல்லாம் அம்முறையால் இலாபமடைய, கண்டறிந்தவர் கைப்பொருளை வழக்குக்கே இறைத்தார். 1851இல் முடிவு காணாமலே இறந்தார்.

மனைவியார் வழக்கை விடவில்லை. 1855இல் அது பிரபுக்கள் சபையின் முன் வந்தது. கருத்துரைக்க அழைக்கப்பட்ட நீதிபதிகளுள் பெரும்பாலார் ஹீத்தின் பக்கம் நின்றும், சபையார் அன்வினுக்கே சாதகமாகத் தீர்த்தனர். மறு ஆண்டு பெஸ்ஸிமர் என்பவர் பெருந்திரளாய் எஃகு செய்யும் முறையை வெளியிட்டபோது, அதனைக் குறை நீக்கிப் பயன்படச் செய்ததும் மாங்கனீசே. அதனைச் சேர்த்தவர் இராபர்ட் மஷெட். பரங்கிப்பேட்டை ஆலையை 1853இல் ஏற்ற புதிய கம்பெனியும் கரிக்கு வழியின்றித் தளர்ந்து, 1874இல் கலைந்தது.