நாணயத்தாளில் இலை பதித்த பெஞ்சமின் பிராங்கிளின்

அமெரிக்காவின் நூறு டொலர் நாணயத்தாளில் உள்ள முகத்தை எம்மிற் பலர் அறிவோம். அது அந்நாட்டுச் சனாதிபதி ஒருவரின் முகமன்று. அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய பெஞ்சமின் பிராங்கிளினின் முகமாகும்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு சனவரி 17ஆம் திகதி பொஸ்ரன் நகரிற் பிறந்தார். தந்தையார் சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்து விற்றவர். அவருடைய 17 பிள்ளைகளுள் இவர் 15ஆவது பிள்ளை. செலவைத் தாங்க இயலாமையாற் பத்து வயதுடன் பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அவரது கடுமையைப் பொறுக்கமாட்டாது 1723இல் பிலடெல்பியாவுக்குத் தப்பிச் சென்றார். அந்நகரில் அவருக்கு அறிந்தவர் எவருமில்லை. மடியிற் சில நாணயங்களே இருந்தன. கற்ற தொழிலும் வாசிப்புப் பழக்கமுமே அவருக்கு முதலாக அமைந்தன.

அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிற் பொன், வெள்ளி நாணயங்கள் அரிதாகவே கிடைத்தன. கொடுக்கல் வாங்கலுக்கு மக்கள் பெரிதும் இடர்ப்பட்டனர். 1729இல், தமது 23ஆம் வயதில், பிராங்கிளின் காகிதப் பணத்தின் தேவையை விளக்கிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். பின்னர் பென்சில்வேனியாவின் நாணயத்தாள்களை அச்சிடும் பணி அவரையே வந்தடைந்தது.

கள்ளத்தாள் அச்சிடுவோர் அந்நாளிலும் இருந்தனர். மனிதர் செதுக்கிய சித்திரத்தைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் பார்த்துச் செதுக்கிவிடலாம். ஆனால் ஓர் இலையின் மெல்லிய நரம்புகளை அவ்வாறு செதுக்குதல் அரிது. இதனையுணர்ந்த பிராங்கிளின் மெய்யான இலையின் பதிவைச் சாந்தில் எடுத்து, அதிலிருந்து உலோக அச்சு வார்த்து, நாணயத்தாளின் பின்புறத்தில் இலையுருவைப் பதித்தார். அம்முறையை அவர் இரகசியமாகவே காத்தார். அவரது தாள்களில் நீல நூலிழைகளும் மைக்காத் துகள்களும் கலந்திருப்பதை 2023இல் நோட்ரடேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

1775இல் விடுதலைப் போர் மூண்டது. போர்ச் செலவுக்காகக் காங்கிரஸ் புதிய தாள்களை வெளியிட்டது. பிராங்கிளின் முன்னர் நடத்திய அச்சகமே அவரது இலையச்சுக்களைக் கொண்டு அவற்றை அச்சிட்டது. ஆயினும் 1779ஆம் ஆண்டளவில் சுமார் 24 கோடி டொலர் வெளியாகிவிட்டது. பிரித்தானியரும் கள்ளத்தாள்களைப் பரப்பினர். 1781இல் அப்பணம் ஏறத்தாழப் பெறுமதியற்றுப் போயிற்று. அதைச் சம்பளமாகப் பெற்ற போர்வீரரும், தானியத்துக்கு ஈடாகப் பெற்ற உழவரும் நலிந்தனர். போரினால் வாழ்நாட் சேமிப்பைத் துறந்து வந்த எமக்கு அத்துயரை எவரும் விளக்க வேண்டியதில்லை. இலையச்சு கள்ளரைத் தடுக்கலாம். பணத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கை தளர்ந்தால் அதனை எந்த அச்சும் காக்க இயலாது.

அன்று எவரும் விரும்பாத அத்தாள்களை இன்று அரும்பொருட் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகின்றனர். மடிப்போ கிழிசலோ இல்லாத தாளுக்கும், கையொப்பத்தின் மை மங்காத தாளுக்கும் மதிப்பு மிகுதி. அச்சிட்டவராகப் பிராங்கிளினின் பெயர் பொறித்த பழைய தாள்களைப் பெரிதும் நாடுகின்றனர். அக்காலக் கள்ளத்தாள்களைச் சேகரிப்போருமுளர்.

பிராங்கிளின் குறையற்றவரல்லர். அடிமைகளை வைத்திருந்தவர். எனினும் முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790இல் காங்கிரசுக்கு மனுச் சமர்ப்பித்தார். அவ்வாண்டு ஏப்பிரல் 17இல், தமது 84ஆம் வயதிற் காலமானார். பொஸ்ரனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1000 பவுணை விட்டுச் சென்றார். தொழில் பழகி முடித்த இளைஞருக்கு அதனைக் கடனாக வழங்கி, 200 ஆண்டுகள் பேணவேண்டுமென்பது அவரது விருப்பம். 1990இற் பொஸ்ரனின் பங்கு மட்டும் 40 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது.

மாணவச் செல்வங்களே, அறியாத ஊருக்கு வெறுங்கையுடன் வந்த ஓர் இளைஞனே பின்னாளில் வேறு இளைஞரின் கைதூக்கிவிட வழி செய்தான். உங்கள் பெற்றோரும் அவ்வாறு அறியாத ஊருக்கு வந்தவர்களே. கல்வியையும் நேர்மையையும் அவர்கள் உங்களுக்கு முதலாகத் தந்துள்ளனர். அம்முதலைப் பேணிப் பெருக்குவது உங்கள் கடனாகும்.