சைக்கிளில் உலகை வலம்வந்த இராமநாத் பிஸ்வாஸ்

வீரர் என்றதும் வாளேந்தியவர்களையும், கப்பலேறிப் புதுநாடு கண்டவர்களையுமே நாம் நினைத்துக்கொள்கிறோம். கையில் பணமின்றி, அரசின் துணையின்றி, ஒரு சைக்கிளை மட்டுமே நம்பி உலகை வலம்வந்த இந்தியர் ஒருவர் இருந்தார். வங்காள வாசகர்கள் நன்கறிந்த அவருடைய பெயர் நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படுவதில்லை. அவர்தான் இராமநாத் பிஸ்வாஸ்.

1894ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், சில்ஹெட் மாவட்டத்தில் பானியாச்சங் என்னும் பெரிய கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தையார் மறைந்ததால் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அருகிலுள்ள ஹபிகஞ்சு நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில்தான் சைக்கிள் ஓட்டப் பழகினார். விடுதலை வேட்கையால் அனுசீலன் சமிதி என்னும் புரட்சி இயக்கத்தோடு தொடர்பு கொண்டார். அச்செய்தி வெளிப்பட்டதும் வேலை போயிற்று. முதல் உலகப் போரின்போது படையில் சேர்ந்து மெசபொடேமியா சென்றார். 1924இல் பிழைப்புத் தேடி மலேயாப் பக்கம் போய், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பணியாற்றினார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். படிப்பு நின்றால் அறிவும் அங்கேயே நின்றுவிடும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதற்கு இவர் வாழ்வே சான்று.

1931 ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூர் குவீன் தெருவிலிருந்து அவருடைய பயணம் தொடங்கிற்று. வழியனுப்ப அங்குள்ள இந்தியர்கள் கூடினார்கள். போர்வைகளும், சைக்கிளைப் பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய பெட்டியுமே அவருடைய மூட்டை. இதற்கு முன்பும் இந்தியர்கள் சைக்கிளில் உலகம் சுற்றியதுண்டு. 1923இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர்களில் மூவர் 1928இல் சுற்றை முடித்துத் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் கூட்டாகச் சென்றவர்கள். பிஸ்வாஸ் தனியாகச் சென்றார். மலேயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளைக் கண்டு, கனடா வரை போய், 1934இல் சொந்த ஊர் திரும்பினார்.

வந்தவர் ஓய்ந்திருக்கவில்லை. அதே ஆண்டில் இரண்டாம் பயணம் தொடங்கியது. அதில் முதலில் எதிர்ப்பட்டது ஆப்கானிஸ்தானத்தின் வறண்ட மலைநாடு.

அந்த வழியின் கடுமையை இயற்பியல் மாணவன் என்ற முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன். பெஷாவர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. கைபர் கணவாயின் உச்சி சுமார் 1,070 மீட்டர். அங்கிருந்து ஜலாலாபாத்துக்கு 500 மீட்டர் இறங்கிவிட்டு, மறுபடியும் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள காபூலுக்கு ஏறவேண்டும். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆகிறது. ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டால், இந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 20 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கைத்தான் தசைகள் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே ஒரு மனிதனின் ஒருநாள் உணவில் பெரும்பகுதி மேட்டுக்கே செலவாகிவிடும்! மணலும் கல்லும் எதிர்காற்றும் இக்கணக்கில் சேரவில்லை. இன்றைய மலைச் சைக்கிள்களில் பல கியர்கள் உள்ளன. செங்குத்தான மேட்டிலும் மெல்ல மெல்ல மிதித்து ஏறலாம். அக்காலத்துச் சாதாரண சைக்கிளில் அவ்வசதி ஏது? மேடு மிஞ்சினால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

காபூலிலிருந்து மேற்கே ஹெராத்துக்கு நேராகப் போக முடியாதபடி நடுவில் பெருமலைகள் மறிக்கின்றன. ஆகவே நெடுவழி தெற்கே வளைந்து, கஜினி, காந்தஹார் வழியாக மலைகளை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு ஹெராத்தை அடைகிறது. ஒருபுறம் மொட்டை மலை, மறுபுறம் பாலை. எங்கள் கீழக்குயில்குடிச் சமணர் மலையும் மொட்டைப் பாறைதான். ஆனால் அதன் அடிவாரத்தில் தாமரைக் குளம் உண்டு. ஆலமர நிழல் உண்டு. சைக்கிளில் மலையைச் சுற்றும் எங்கள் ஊர்ப் பையனுக்கு டியூப் பஞ்சரானாலும் கவலையில்லை; தள்ளிக்கொண்டே வீடு வந்துவிடுவான். ஆப்கன் மலைவழியில் பஞ்சர் என்றால், அடுத்த ஊர் எத்தனை நாள் தொலைவோ!

சைக்கிளில் முதன்முதலாக உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயரும் 1886இல் இந்நாட்டைக் கடந்து இந்தியா வர முயன்றார். ஆப்கானியர் அவரைத் தடுத்து, ஹெராத்துக்குக் கொண்டுசென்று, பாரசீகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கடல்வழியாக இந்தியா வரவேண்டியதாயிற்று. அவருக்கு அடைபட்ட நாடு, அரை நூற்றாண்டுக்குப் பின், அடிமைநாட்டிலிருந்து சென்ற ஓர் ஏழை வங்காளிக்குத் திறந்தது. அப்பயணத்தைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார்.

பாரசீகம், ஈராக், சிரியா, லெபனான், துருக்கி என்று சென்ற அவர், பால்கன் நாடுகளையும் ஜெர்மனி, பிரான்சு முதலியவற்றையும் கடந்து பிரிட்டனை அடைந்தார். உடல் நலிந்தது. 1936இல் கப்பலேறித் தாயகம் திரும்பினார். உடல் தேறியதும் மூன்றாம் முறையாகப் புறப்பட்டு, கென்யா, உகாண்டா, ரொடீசியா வழியே தென்னாப்பிரிக்கா வரை ஓட்டினார், அமெரிக்காவும் சென்றார். நிறவெறியின் கொடுமையை நேரில் கண்டார். 1940இல் நாடு திரும்பினார்.

இவ்வளவும் உடல்வலிமையின் கதை மட்டுமன்று. கண்டதையெல்லாம் தாய்மொழியில் எழுதினார் என்பதே அவருடைய தனிப்பெருமை. 30க்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. எட்டாம் வகுப்புப் படித்தவரின் எழுத்தால், ஊரைவிட்டு நகராத வங்காள வாசகர்கள் ஆப்கானிஸ்தானத்தையும் ஆப்பிரிக்காவையும் கண்டார்கள். எழுதாதிருந்தால் அவர் உருட்டிய சக்கரத்தின் தடம் மணலோடு போயிருக்கும்.

சுற்று என்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர வேண்டும். நெடும்பயணங்கள் முடிந்தபோதெல்லாம் தாயகம் அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் 1947இல் நாடு பிரிந்தது. சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானோடு சேர்ந்தது. பானியாச்சங்கும் எல்லைக்கு அப்பால் போயிற்று. எத்தனையோ நாடுகளின் எல்லைகளைச் சைக்கிளில் கடந்தவருக்குச் சொந்த ஊரே அயல்நாடாகிவிட்டது. பின்னர் கல்கத்தாவில் வாழ்ந்து, 1955 நவம்பர் 1ஆம் நாள் அங்கேயே காலமானார்.

பானியாச்சங்கிலுள்ள அவருடைய பூர்வீக வீடு பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்டு நினைவகமாக்க வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் வங்கதேசத்துச் சைக்கிள் பயணிகளும் எழுத்தாளர்களும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இராமநாத் மறைந்த பின் பிறந்தவர்கள். அவருடைய எழுத்தின் வழியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள். மாணவ நண்பர்களே, அவர் முடிக்க முடியாத அந்தக் கடைசிச் சுற்றை, அவருடைய வாசகர்கள் அவருக்காக முடிக்கப் பார்க்கிறார்கள்.