நாடகப் புலவர் பென் ஜான்சன்

ஆங்கில நாடகம் பயில்வார்க்கு ஷேக்ஸ்பியர் ஞாயிறாய் விளங்குதலின், அவர் காலத்து வாழ்ந்த பென் ஜான்சன் பகல் மதியம்போல் ஒளி மழுங்கித் தோன்றுகின்றார். ஆயினும் அந்நாடகவுலகிற் பயிலும் சொற்கள் சிலவற்றின் வரலாற்றை ஆராயப் புகின், அவரைக் காணாது ஓரடியும் செல்லவியலாது.

இவர் 1572-ஆம் ஆண்டளவிற் பிறந்தார். சமயகுருவாகிய தந்தையார் ஒரு திங்கள் முன்னரே இறந்தமையின், தாயார் கொத்தனார் ஒருவரை மறுமணஞ் செய்துகொண்டனர். வெஸ்ட்மின்ஸ்டர்ப் பள்ளியில் வில்லியம் காம்டன் என்னும் பேரறிஞரிடம் இலத்தீன் கற்றும், பல்கலைக்கழகம் புகும் பேறின்றி, ஜான்சன் சாந்து பூசுங் கரணையைக் கையிலேந்தினார். பின்னர் நெதர்லாந்துப் போரிற் பொருது மீண்டு, நடிகராகி, நாடகமெழுதலானார்.

1598-இல் இவருடைய 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' அரங்கேறிற்று. நடித்தாருள் ஷேக்ஸ்பியரும் ஒருவர். 'ஹியூமர்' என்பது இக்காலத்து நகைச்சுவையைக் குறிப்பினும், அக்காலத்து மருத்துவநூற் சொல்லேயாம். நம் நாட்டு வைத்தியர் வாதம், பித்தம், சிலேத்துமம் என மூன்று கூறுமாறுபோல, அந்நாட்டார் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என உடல்நீர் நான்கு கூறினர். அவற்றுள் ஒன்று மிகுமாயின் குணமும் அதன்வழித் திரியும் என்பது அவர் கொள்கை. ஐயம், தற்புகழ்ச்சி போன்ற ஒரு குணமே ஒருவனை முற்றும் ஆட்கொள்ளுதலை ஜான்சன் அச்சொல்லாற் குறித்து, அதனையே நகை நாடகத்திற்கு அடிப்படையாக்கினார். மருத்துவர் அந்நூற்கொள்கையைக் கைவிட்ட பின்னரும் சொல் மட்டும் நாடகத்தைப் பற்றி நின்றது.

அவ்வாண்டிலேயே கேப்ரியல் ஸ்பென்சர் என்னும் நடிகரை இவர் வாட்போரிற் கொன்றார். இலத்தீன் வேதவாசகம் படிக்கவல்லாரைத் தூக்கினின்றும் விடுவிக்குஞ் சலுகை அந்நாளில் இருந்தமையின், காம்டன் கற்பித்த மொழி உயிர் காத்தது. பெருவிரலிற் சூட்டுத் தழும்பு நின்றது. ஆனர்ஸ் வகுப்பினராகிய நமக்கு இத்துணை விரைவிற் பயன் தரும் பாடம் எதுவும் இன்னும் வாய்த்திலது.

நாடகாசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்னுஞ் சொல்லின் பிற்பகுதி, வண்டி செய்வோன், கப்பல் செய்வோன் என்னுமாறு கைத்தொழிலாளனை உணர்த்துவது. ஜான்சன் தம் சிறுபாக்களில் அதனை வசைப்பெயராகவே ஆண்டார். தம்மைப் புலவரென்றே மதித்தார். டெக்கர் முதலிய பகைவரோ இவரது பழைய கொத்துவேலையை மேடையிலேயே எள்ளினர். அவ்வசை இவரைச் சுட்டது இயல்பே. ஆயினும் 1606-இல் நடித்த 'வால்போனி'யும், 1610-இல் எழுந்த 'ஆல்கெமிஸ்'டும் கொண்ட கட்டுக்கோப்பை நோக்குங்கால், அது கரணை பிடித்த கையின் திறமே என நாம் கருதுகின்றோம்.

அரண்மனையில் ஆடப்பெறும் 'மாஸ்க்' என்னுங் கூத்துக்களையும் இவர் 1605 முதல் இயற்றினார். காட்சியமைத்தவர் இனிகோ ஜோன்ஸ். 1609-இல் அரசியார் தோன்றுமுன் பன்னிரு சூனியக்காரிகளை ஆடவிட்டு, அவ்வெதிர்க் கூத்திற்கு 'ஆண்டிமாஸ்க்' எனப் பெயரளித்தார். இருள் முன்னிற்க ஒளி சிறந்தது. ஆயின், கூத்திற்கு உயிர் பாட்டோ காட்சியோ என்று இருவரும் பகைத்தனர். 1631-க்குப்பின் அரண்மனை ஜோன்ஸையே விரும்பிற்று.

இவர் செயல்களுள் நாம் தலையாயதாகக் கொள்வது பிறிதொன்று. நாடகங்களை அற்பமென்று கருதி, ஆக்ஸ்போர்டில் தாம் நிறுவிய நூலகத்தினின்றும் தாமஸ் பாட்லி விலக்கிய காலம் அது. 1616-இல் ஜான்சன் தம் நாடகம் ஒன்பதனையும் பாக்களையும் பெரிய ஏட்டில் அச்சிட்டு, 'ஒர்க்ஸ்' எனத் தலைப்பிட்டார். அது பண்டைப் பெரும்புலவர் நூற்றொகுதிகளுக்கே உரிய பெயர். விளையாட்டிற்குப் பெயரான 'பிளே' உழைப்பிற்குப் பெயரான 'ஒர்க்' ஆனதெங்ஙனம் என்று பலர் நகைத்தனர். ஏழாண்டு கழித்து ஷேக்ஸ்பியர் நாடகம் முப்பத்தாறும் அத்தகைய பெரிய ஏட்டிலேயே வெளிவந்தன; முன்னர் அச்சேறாதன அவற்றுட் பாதி. அதற்குப் புகழ்ப்பா அளித்தவரும் ஜான்சனே.

1628-இற் பக்கவாதத்தால் வீழ்ந்த இவர், வறுமையுற்று 1637-இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திற் சிறிதே இடங்கொண்டு, இவருடல் நின்ற நிலையில் அடக்கம் பெற்றது. 1849-இல் அருகே அகழ்ந்தபொழுது, கால் எலும்புகள் நட்டவாறே நிற்கக் கண்டனர்.