நந்தன் கதை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனார், அயோத்திதாசப் பண்டிதர் ஆகியோரைப் பற்றி அறிஞர் பலர் எழுதுகின்றனர். நாம் ஓர் இசைவாணரின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அவர் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். அந்தணர் குலத்தில் தோன்றியவர். எனினும் சேரியில் பிறந்த ஓர் உழவுத் தொழிலாளியின் ஏக்கத்தைத் தமிழ்நாடு முழுவதும் பாடவைத்தவர் அவரே. அவர்தாம் கோபாலகிருஷ்ண பாரதியார்.

இவரைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி ஆண்டுவிழாவில் நந்தன் கதையை இசை நாடகமாக நடிக்க மாணவர்கள் விரும்பினர். ஒத்திகையும் தொடங்கிற்று. அப்போது நம் ஊரின் பட்டதாரி இளைஞர் சிலர் வந்து, பண்ணையாரிடம் கைகட்டிக் கெஞ்சி நிற்பவனையும், தீயில் இறங்கினால்தான் தூயவன் ஆவான் என்ற கதையையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது முறையா என வினவினர். நமக்கு விடை கூற இயலவில்லை. நாடகத்தை நிறுத்திவிட்டோம். ஒத்திகையில் நந்தனாக நடித்த சிறுவன் முகம் வாடிச் சென்றது இன்றும் நம் நினைவில் நிற்கிறது. அன்று கூறாது விட்ட விடையை இக்கட்டுரையில் கூற முயல்கிறோம்.

பிறப்பும் இசைப் பயிற்சியும்

பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி பாரதியார். இசை வழிவழியாக வந்த குடும்பம் அது. இளமையிலேயே தந்தையை இழந்த இவர் முடிகொண்டான் என்னும் ஊரில் வாழ்ந்தார். அதனால் முடிகொண்டான் கோபாலகிருஷ்ண பாரதி என்றும் இவரை வழங்குவர்.

மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் வேதாந்தமும் யோகமும் கற்றார். திருவிடைமருதூரில் இராமதாசர் என்னும் வடநாட்டு இசைவாணரிடம் இந்துஸ்தானி இசையைப் பயின்றார். கர்நாடக இசையில் பழகிய ஒருவர் மற்றோர் இசைமுறையையும் தேடிச் சென்று கற்றது அக்காலத்தில் எளிய செயல் அன்று. நல்லது எங்கிருந்தாலும் சென்று கற்கவேண்டும் என்னும் வேட்கையே அவரை அங்குச் செலுத்தியது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, பொருளும் ஈட்டவில்லை. ஆனதாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்னும் செல்வர் அவரை அன்புடன் ஆதரித்தார். பிற்காலத்தில் மாயூரத்திலேயே பெரும்பாலும் தங்கினார். அரசவைப் புலவராக அமர்ந்து மானியம் பெறவேண்டும் என்ற அவா அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், அன்பர் வீட்டுக் கூடம் ஆகியவையே அவருடைய அரங்குகள். கேட்பவர் நால்வராயினும் நானூற்றுவராயினும் அவருக்கு ஒன்றே. இந்நாளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டாலன்றிப் பாட்டு இல்லை என்று எண்ணுகின்றோம். திண்ணையில் பாடியே ஒருவர் தமிழிசையில் நிலைத்த இடம் பெற முடியும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரை அவர் கண்டதாக ஒரு வரலாறு உண்டு. அங்கே மாணவர்கள் ஆபோகி இராகத்தில் தம் ஆசிரியர் இயற்றிய கீர்த்தனத்தைப் பாடிக்கொண்டிருந்தனராம். அதனைக் கேட்டு உருகிய பாரதியார், அதே இராகத்தில் தில்லைக் கூத்தனைப் போற்றித் தமிழ்க் கீர்த்தனம் ஒன்றை இயற்றிப் பாடினார் என்பர். இன்றும் கச்சேரி மேடைகளில் ஆபோகி என்றவுடன் பலருக்கு நினைவில் வருவது அத்தமிழ்ப் பாடலே.

நந்தன் சரித்திரம்

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் வரலாறுகளையும் பாரதியார் கீர்த்தனங்களாகப் பாடியுள்ளார். எனினும் அவருக்கு அழியாப் புகழைத் தந்தது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே.

நந்தனாரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தார் என்று அந்நூல் கூறுகிறது. இச்செய்தியை நம் மாணவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். கோயிலுக்குள் ஒலித்த இசைக்கருவிகள் அனைத்தும் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் கைவண்ணத்தால் ஒலித்தன. தோல் உள்ளே சென்றது. நரம்பு உள்ளே சென்றது. அவற்றைப் பதப்படுத்தித் தந்தவர் வாயிலிலேயே நின்றார்.

சேக்கிழார் நூலில் நந்தனாருக்கு ஆண்டை ஒருவர் இல்லை. வேதியர் என்னும் பண்ணையாரைப் படைத்துச் சேர்த்தவர் பாரதியாரே. தில்லை செல்ல விடை கேட்ட நந்தனை அப்பண்ணையார் பலவாறு இழித்துரைக்கிறார். பின்னர், நாற்பது வேலி நிலத்திலும் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்று கட்டளையிடுகிறார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர், நாற்பது வேலி 260 ஏக்கருக்கும் மேற்பட்டது. ஒரு மனிதன் செய்துமுடிக்க முடியாத வேலை அது. விடுப்பு இல்லை என்பதைத்தான் ஆண்டை அவ்வாறு கூறுகிறார். இறைவன் அருளால் ஓரிரவில் நடவும் விளைவும் முடிந்தன என்று கதை செல்கிறது.

இப்பகுதி பாரதியாரின் வெறுங்கற்பனை அன்று என்றே நாம் கருதுகிறோம். அவர் வாழ்ந்தது காவிரிப் பாசனத்துப் பண்ணைகளின் நடுவில். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843ஆம் ஆண்டு அரசு விதித்தபின்னும், பண்ணையாள் முறை அங்கே தொடர்ந்து நிலவியது. கடனால் கட்டுண்டவன் ஆண்டையின் சொல்லின்றி ஊரெல்லையைத் தாண்ட இயலாது. நாளைப் போவேன் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்ததால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றவர் நந்தனார். அந்த நாளை ஏன் வரவில்லை என்பதற்குச் சேக்கிழார் குலத்தைக் காரணமாகக் காட்டினார். பாரதியார் அத்துடன் நிலத்தையும் கூலியையும் காரணமாகக் காட்டினார். அந்தணராகிய ஒருவர் அந்தண ஆண்டையின் கொடுமையைப் பாட்டில் வைத்து ஊர் ஊராகப் பாடியது துணிவான செயலே ஆகும்.

கீர்த்தனங்களோடு நொண்டிச்சிந்து, கண்ணிகள் முதலிய எளிய வடிவங்களையும் அவர் இந்நூலில் அமைத்தார். எழுத்தறியாத உழவனும் ஒருமுறை கேட்டு மறுமுறை பாடத்தக்க மெட்டுகள் அவை. நாகப்பட்டினத்தில் அவர் இக்கதையைப் பாடியபோது மக்கள் திரண்டு கேட்டனர். காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்த சீஸ் என்பவர் அப்பாடல்களில் ஈடுபட்டு, நூல் அச்சேறத் துணைநின்றார். 1861ஆம் ஆண்டளவில் நூல் வெளிவந்தது.

புலவரின் தயக்கம்

அச்சிடும் நூலுக்குப் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும் என்பது அக்கால மரபு. பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அணுகினார். கதை பெரியபுராணத்தோடு மாறுபடுகிறது என்றும், இலக்கண வழுக்கள் உள்ளன என்றும் பிள்ளையவர்கள் கருதினார். மறுக்கவும் மனமின்றி, கொடுக்கவும் மனமின்றி நாள்களைக் கடத்திவந்தார். பாரதியார் சினம் கொள்ளவில்லை. சலிக்காமல் பலமுறை சென்றார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்ந்திருந்தபோது, பாரதியார் வெளியே திண்ணையில் அமர்ந்து தம் பாடல் ஒன்றை மெல்லப் பாடத் தொடங்கினார். உள்ளிருந்து கேட்ட புலவரின் நெஞ்சம் உருகிற்று. அவர் எழுந்து வந்து பாயிரத்தை இயற்றித் தந்தார் என்று வரலாறு கூறும்.

இந்நிகழ்ச்சியில் நமக்குப் பாடம் உண்டு. கற்றோர் அவையில் நம் பிள்ளைகளின் பேச்சுக்கும் எழுத்துக்கும் குறை கூறப்படும் பொழுதுகள் உண்டு. இலக்கணம் கற்கத்தான் வேண்டும். ஆனால், குறை கூறினார்களே என்று குரலை அடக்கிக்கொள்ளல் ஆகாது.

பிள்ளையவர்களின் மாணவராக 1871ஆம் ஆண்டு மாயூரம் வந்த உ.வே.சாமிநாதையர், சிலகாலம் பாரதியாரிடம் இசை பயின்றார். இசையில் புகுந்தால் இலக்கியப் பயிற்சி தளரும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் அப்பயிற்சி நின்றது. ஆயினும் ஆசிரியரை மறவாத ஐயரவர்கள், பிற்காலத்தில் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி உதவினார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் ஏழைகளுக்கு உணவளித்தபோது, அவ்வறத்தைப் பாராட்டிப் பாரதியார் பாடினார். ஒரு கிறித்தவரின் ஈகையை ஒரு சிவபக்தர் பாடிய பெருந்தன்மை போற்றத்தக்கது. மனைவி மக்களின்றி, பாட்டையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த பாரதியார், முதிர்ந்த வயதில் மாயூரத்தில் மறைந்தார்.

அவருக்குப் பின் அப்பாடல்கள் தாமே வழி தேடிச் சென்றன. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் முதலியோர் கதாகாலட்சேபத்தில் அவற்றைப் பரப்பினர். 1935ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கே.பி.சுந்தராம்பாளும், 1942ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். திண்டிவனம் வட்டத்துச் சிற்றூரில் நம் இளமைக் காலத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் நந்தன் நாடகம் பார்த்திருக்கிறோம். நாற்பது வேலிக் கட்டளை வரும் இடத்தில், பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்து அமர்ந்திருந்த பெரியவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் தலைகுனிந்திருப்பர். அவர்களுக்கு அது புராணமாகத் தோன்றவில்லை.

இளைஞர்களுக்கு நம் விடை

இனி, அவ்விளைஞர்கள் கேட்ட வினாவுக்கு வருவோம். அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. பாரதியார் சேரியின் தெய்வங்களையும் வழிபாட்டையும் தாழ்வாகவே காட்டினார். நந்தன் சேரியை விட்டு விலகுவதையே உயர்வாகக் கண்டார். ஆண்டையைத் திருத்தினாரேயன்றி ஆண்டை முறையைக் கேள்வி கேட்கவில்லை. தில்லை வாயிலில் மூட்டிய தீயையும் அவர் அணைக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் இக்கதையை ஏற்காமல், நந்தன் பௌத்த மன்னன் என்று எழுதினார். புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்னும் சிறுகதையிலும், இந்திரா பார்த்தசாரதி நந்தன் கதை என்னும் நாடகத்திலும் அத்தீயை வினாவுக்கு உட்படுத்தினர். இவையனைத்தும் நம் மாணவர்கள் அறியவேண்டியவை.

ஆயினும், ஒருவர் காணாமல் விட்டதைக் கூறும் நாம், அவர் கண்டதையும் கூறுவதே நேர்மை. பண்ணையாளின் உள்ளத்திலும் ஓர் ஏக்கம் உண்டு, அவனும் ஒருநாள் விடுப்புக்கு உரியவன் என்பதை மேல்தட்டார் வீட்டுக் கூடங்களில் பாடிக் கேட்கச் செய்தவர் பாரதியார். கேட்டவர் கண்ணீர் விட்டனர். கண்ணீர் விட்டவர் கதவைத் திறந்தனரா என்றால், இல்லை. அதற்கு நம் முன்னோரின் போராட்டமும், 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டமும் தேவைப்பட்டன. பாட்டு நெஞ்சை இளக்கும். உரிமையைச் சட்டமும் கல்வியுமே தரும்.

இதனை நன்குணர்ந்தவர் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு பிறந்து, திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்ற அவர், எந்தச் சிதம்பரத்தில் நந்தன் தீயில் மறைந்தான் என்று கதை கூறுகிறதோ, அதே சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். அங்கு நம் பிள்ளைகள் தீயில் இறங்கவில்லை. கரும்பலகையின் முன் அமர்ந்தனர். நந்தன் கதைக்கு எழுதப்பட்ட உரைகளுள் தலைசிறந்தது அப்பள்ளியே என்போம்.

ஆதலின், அன்று நிறுத்திய நாடகத்தை இவ்வெள்ளிவிழாவில் நடத்த முடிவு செய்துள்ளோம். அன்று எதிர்த்த இளைஞர்களே உடனிருந்து உரையாடலைத் திருத்தித் தந்துள்ளனர். பாரதியாரின் பாடல்கள் இடம்பெறும்; நாற்பது வேலிக் காட்சியும் இடம்பெறும். தீ மூட்டும் காட்சிக்கு முன் திரை விழும். பின்னர் ஒரு மாணவி முன்வந்து சகஜானந்தர் பள்ளி தொடங்கிய வரலாற்றைக் கூறுவாள். அன்று நந்தனாக நடித்த சிறுவன் இன்று கல்லூரி மாணவன். இளையோருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன் அவனே.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இசை நமக்கு அயலானது என்று எண்ணாதீர்கள். முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் தந்தவர் வழியினர் நாம். விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசையும் நாதசுரமும் தவிலும் அங்குக் கற்கலாம். பாட விரும்பும் பிள்ளையை, அதனால் சோறு கிடைக்குமா என்று கேட்டுத் தடுத்துவிடாதீர்கள். படிப்போடு பாட்டும் வளரட்டும்.

விழுப்புரத்தில் ரயிலேறி மயிலாடுதுறை செல்வோர் சிதம்பரத்தையும், நந்தனாருக்காக நந்தி விலகியதாகக் கூறும் திருப்புன்கூருக்கு அண்மையிலுள்ள வைத்தீசுவரன்கோயிலையும், பாரதியார் வாழ்ந்த ஆனதாண்டவபுரத்தையும் ஒரே வழியில் காணலாம். நம் மாணவர்களை ஒருமுறை அவ்வழியே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். நாளை, நாளை என்று தள்ளாமல் இவ்வாண்டிலேயே அப்பயணம் நிறைவேறச் சங்கத்தார் துணைபுரிவாராக.

வாழ்க தமிழிசை! வளர்க நம் கல்விச் சங்கம்!