தண்ணீர் சுமந்த வீரர்

ஓட்டப் பந்தயம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது விரைவே. புறப்பட்ட கணத்திலேயே முந்திச் செல்பவனை நாம் கைகொட்டி ஆரவாரித்துப் போற்றுகின்றோம். ஆயினும், நெடுவழி ஓட்டத்தில் விரைவினும் சிறந்தது தன் வலியறிந்து அடங்கியிருக்கும் பொறுமையே என்பதற்குக் கிரேக்க நாட்டு ஏழைத் தண்ணீர்க்காரர் ஒருவரின் வாழ்க்கை சான்று பகர்கின்றது. அவரே ஸ்பிரிடான் லூயிஸ் என்பார்.

ஏதென்ஸ் மாநகருக்கு வடகிழக்கேயுள்ள மரூசி, அந்நாளில் ஒரு சிற்றூராயிருந்தது. அவ்வூரில் ஓர் எளிய குடும்பத்தில் 1873-ஆம் ஆண்டு லூயிஸ் பிறந்தார். ஏதென்ஸில் நல்ல குடிநீர் அரிதாயிருந்தமையின், அவர் தந்தையார் தம்மூர் நீரை நகருக்குக் கொண்டுசென்று விற்றுக் குடும்பத்தைப் பேணி வந்தார். மைந்தரும் அத்தொழிலில் அவருக்குத் துணைநின்றார். அவர் கால்கள் உரம் பெற்றது பயிற்சிக் கூடத்திலன்று. நாடோறும் நடந்த அவ்வழியிலேயாம்.

1896-ஆம் ஆண்டு, பல நூற்றாண்டுகளாக மறைந்திருந்த ஒலிம்பிக் விழா ஏதென்ஸில் மீண்டும் உயிர்பெற்றது. கி. மு. 490-இல் மாரதான் போர்க்களத்தினின்று வெற்றிச் செய்தியைச் சுமந்து ஓடிவந்து, அதனைக் கூறியவுடனே உயிர்நீத்த தூதன் ஒருவனைப் பற்றிய பழங்கதை அந்நாட்டில் வழங்குவது. அப்போரை எழுதிய எரோடோட்டஸ் இதனைக் குறிப்பிடவில்லை. பிற்காலத்தாரே இதனை உரைத்தனர். எனினும் மிஷேல் பிரெயால் என்னும் பிரெஞ்சு மொழிநூற் புலவர் அக்கதையால் உள்ளங் கவரப்பெற்று, மாரதானிலிருந்து ஏதென்ஸ் வரை ஓர் ஓட்டம் நிகழவேண்டுமென்று விரும்பி, வெல்பவர்க்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும் அளித்தார்.

ஏப்ரல் 10-ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பதினெழுவர் மாரதானினின்று புறப்பட்டனர். அவருள் நால்வரே அயல்நாட்டினர். வழியோ சுமார் 25 மைல். கடலோரமாகச் சமநிலத்தில் தொடங்கும் அப்பாதை, பின்னர்க் குன்றுகளின்மேல் ஏறி, ஏறத்தாழ இருபதாம் மைலில் மேட்டின் உச்சியை அடைந்து, அதன்பின் ஏதென்ஸை நோக்கி இறங்குகின்றது. புழுதி மிக்க அவ்வழியில், உடல் தளர்ந்த நேரத்திலேயே ஏற்றமும் வந்து எதிர்ப்படும்.

அயல்நாட்டார் நால்வருள் மூவர், சில நாட்களுக்கு முன் நடந்த 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்றவர்கள். ஆஸ்திரேலியரான பிளாக், அமெரிக்கரான பிளேக், பிரெஞ்சுக்காரரான லெர்மூசியோ என்பார் அவர். அவர்தம் விரைவே அவர்க்குப் பகையாயிற்று. லெர்மூசியோ காற்றெனப் பறந்து நெடுந்தூரம் முன்னணியில் நின்றார். பிளேக் நடுவழியைத் தாண்டியபின் ஓய்ந்தார். லெர்மூசியோ இருபதாம் மைலளவில் வீழ்ந்தார். அதன்பின் முந்திய பிளாக்கும் நகரை நெருங்கிய நிலையில் தளர்ந்து சாய்ந்தார். லூயிஸோ தொடக்கத்தில் பின்தங்கியே வந்தார். பிக்கெர்மி என்னும் ஊரில் சிறிது மதுவருந்தி இளைப்பாறினார் என்றும், முன்செல்வோர் எத்துணைத் தொலைவில் உள்ளனர் என வினவி, அவர்களைப் பிடித்துவிடலாமென்று கலங்காது மொழிந்தார் என்றும் கூறுவர். மேடு ஏற ஏற ஒவ்வொருவராகப் பின்னிட, அவர் முன்வந்தார்.

சலவைக்கல் அரங்கில் திரண்டிருந்த மக்கள், அயல்நாட்டான் முந்துகின்றான் என்ற செய்தி கேட்டு வாடியிருந்தனர். ஓட்டப் போட்டிகள் எதிலும் கிரேக்கர் அதுகாறும் முதலிடம் பெற்றிலர். அந்நிலையில் புழுதியும் வியர்வையும் படிந்த மேனியராய் லூயிஸ் அரங்கினுள் புகுந்தார். இளவரசர் இருவர் இருக்கை விட்டிறங்கி அவருடன் ஓடினர். 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் அவர் ஓட்டத்தை முடித்தார். அடுத்து வந்த வசிலாக்கோஸ் என்னும் கிரேக்கர் ஏழு நிமிடத்திற்கு மேல் பிந்தியவர்.

பரிசில்கள் பல அவரை நாடி வந்தன. தண்ணீர் கொண்டுசெல்ல ஒரு வண்டி மட்டுமே அவர் வேண்டினார் என்பது வழங்கிவரும் செய்தி. அதன்பின் அவர் எப்பந்தயத்திலும் ஓடவில்லை. மரூசியிலேயே உழவராகவும், பின்னர் ஊர்க்காவலராகவும் வாழ்ந்தார். 1926-இல் படைத்துறை ஆவணங்களைத் திருத்தினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. நாடு போற்றிய அவ்வீரர் ஓராண்டிற்கு மேல் சிறையிற் கிடந்தார். முடிவில் குற்றமற்றவரென விடுதலை பெற்றார்.

1936-இல் பெர்லின் விழாவிற்கு அழைக்கப்பெற்ற அவர், ஒலிம்பியாவினின்று கொணர்ந்த அமைதிச் சின்னமாகிய ஒலிவக் கிளையை ஹிட்லரிடம் அளித்தார். 1940 மார்ச்சு மாதம் அவர் மறைந்தார். அக்கிளையைக் கைநீட்டிப் பெற்றவனுடைய படைகள் அடுத்த ஆண்டே ஏதென்ஸினுள் புகுந்தன. அக்கொடுமையைக் காண அவர் இருந்திலர். அவர் வென்ற கிண்ணம் 2012-இல் லண்டனில் ஐந்து இலக்கம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. ஏதென்ஸ் நகரின் பெரிய விளையாட்டரங்கு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

லூயிஸ் முன்னோடுபவரைக் கண்டு தம் நடையை மாற்றிலர். வென்றபின் புகழைத் துரத்தியும் ஓடிலர். சிறை வந்த காலத்தும் தம் ஊரை விட்டு நீங்கிலர். கல்லூரியில் முதலாண்டிலேயே முந்திவிட வேண்டுமென்று மூச்சுமுட்ட ஓடும் நமக்கு, ஏற்றம் இன்னும் வரவில்லை என்பதை அவர் வாழ்க்கை நினைவூட்டுகின்றது. இருபதாம் மைலுக்கு வேண்டும் வலிமையை முதல் மைலிலேயே செலவிடாதிருப்போமாக!