கோதுமையும் ரோஜாவும்: டாக்டர் பி. பி. பால் வாழ்க்கை

வயிற்றுக்கு உணவு தந்தவரை நாடு போற்றும். கண்ணுக்கு மலர் தந்தவரை வீடு போற்றும். இவ்விரண்டையும் ஒருவரே தந்தார் என்றால் அவர் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அத்தகைய பெரியார் டாக்டர் பெஞ்சமின் பியாரி பால் அவர்கள். வேளாண்மை படித்தோர் அவரைக் கோதுமை விஞ்ஞானி என்று அறிவர். தோட்டம் போடுவோர் அவரை ரோஜாத் தோட்டக்காரர் என்று அறிவர். இரண்டு பெயரும் அவருக்குப் பொருந்தும்.

பால் அவர்கள் 1906ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் பஞ்சாப் மாநிலத்தில் ஜலந்தர்ப் பகுதியைச் சேர்ந்த முகுந்த்பூரில் பிறந்தார். தந்தையார் பர்மாவில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆகவே பிள்ளைப் பருவம் முழுவதும் பர்மாவிலேயே கழிந்தது. மேமியோ என்னும் குளிர்ந்த மலையூரில் பள்ளிப் படிப்பு. அங்கே வீட்டுக்கு வீடு பூந்தோட்டம் உண்டு. செடிகளின் மீதும் ஓவியத்தின் மீதும் அவருக்கு ஏற்பட்ட பற்று அவ்வூரில் வேர்விட்டது. இறுதிவரை அது பட்டுப்போகவில்லை.

ரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவர இயலில் பட்டம் பெற்ற பின்னர் 1929இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். கோதுமை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற ரோலண்ட் பிஃபன் முதலானோர் அங்கே இருந்த காலம் அது. கோதுமைப் பயிரின் கலப்பின வீரியத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பி 1933இல் பீகாரிலுள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார்.

பணி ஏற்ற மறு ஆண்டே, 1934 ஜனவரி 15ஆம் நாள், பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. பூசா நிலையத்தின் கட்டடம் சிதைந்தது. 1936இல் அந்நிலையம் டில்லிக்கு மாற்றப்பட்டது. பூசா என்னும் பெயரும் உடன் சென்று அங்கே நிலைத்துவிட்டது. பால் அவர்களும் டில்லிக்குச் சென்றார். பஞ்சாபில் பிறந்து, பர்மாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் கற்று, பீகாரில் பணி தொடங்கி, டில்லியில் வாழ்ந்தவர் அவர். மாற்றல் உத்தரவுக்கு ஏற்ப ஊர் ஊராகப் பெட்டி கட்டும் நம் போன்ற குடும்பங்களுக்கு இவ்வாழ்க்கை அயலாகத் தோன்றாது.

அந்நாளில் நம் நாட்டுக் கோதுமைக்குப் பெரும் பகையாக இருந்தது துரு நோய். கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என அது மூவகைப்படும். பயிரின் மேல் துருத்தூள் படிந்தாற்போல் காணும். கதிர் பால் பிடிக்கும் வேளையில் சத்தை உறிஞ்சிவிடும். நன்றாகத் தெரிந்த வயல் சில வாரங்களில் பதராகிவிடும். ஒரு துருவைத் தாங்கும் கோதுமை மற்றொரு துருவுக்கு இரையாகும். மூன்றையும் தாங்கும் ஓர் இனத்தை உண்டாக்கப் பால் அவர்களும் அவர்தம் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். என்.பி. 809 என்னும் கோதுமை அவ்வுழைப்பின் பயன். அது 1954இல் வெளிவந்தது.

1950இல் அவர் அந்நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். 1958இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்று முதுகலைப் பட்டம் வழங்கத் தொடங்கியது. 1963இல் நார்மன் போர்லாக் இந்தியா வந்து குட்டைக் கோதுமையைப் பற்றி ஆலோசனை கூறிய போதும் இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் பால் அவர்களே. அக்கோதுமைப் பணியில் முன்னின்ற டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன், கும்பகோணத்தில் பிறந்த நம் தமிழர், அவர் கீழ்ப் பணியாற்றியவர். 1965இல் பால் அவர்கள் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக உயர்ந்தார். 1972இல் அவர் ஓய்வு பெற்றபோது அப்பொறுப்பை ஏற்றவரும் சுவாமிநாதன் அவர்களே.

இத்தனைப் பொறுப்பையும் சுமந்தவர் ஓய்வு வேளையில் செய்தது என்ன? ரோஜா வளர்த்தார். அது பொழுதுபோக்கு என்று சொல்லத்தக்க அளவோடு நிற்கவில்லை. நம் தோட்டங்களில் அழகுக்காக வைக்கப்பட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவ்விடத்துக் குளிருக்கு ஏற்ப உண்டாக்கப்பட்டவை. நம் நாட்டுச் சமவெளி வெயிலில் அவற்றின் இதழ் கருகும், நிறம் வெளிறும், பூவும் சிறுக்கும். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற ரோஜாவை நாமே உண்டாக்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

புது ரோஜாவை உண்டாக்குவது பொறுமை வேண்டும் வேலை. மொட்டு விரியுமுன் இதழ்களை நீக்கி மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தல் வேண்டும். பின்னர் வேறொரு ரோஜாவின் மகரந்தத்தைத் தூரிகையால் சூலகத்தின் முடியில் தடவி, காகிதப் பையால் மூடிக் கட்டுதல் வேண்டும். காய் பழுக்கச் சில மாதங்கள் ஆகும். விதையிட்டால் எல்லாம் முளைப்பதில்லை. முளைத்தவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பூக்கும். நூற்றுக்கணக்கான நாற்றுகளுள் வைத்துக் காக்கத் தக்கவை ஒன்றிரண்டே. கோதுமையில் செய்ததும் இதே வேலைதான். கோதுமைப் பூ மிகச் சிறியது, ரோஜா பெரியது. ஒரே கையும் ஒரே பொறுமையும் இரண்டுக்கும் பயன்பட்டன.

இவ்வாறு அவர் உண்டாக்கிய ரோஜாக்கள் பல. ரோஸ் ஷெர்பத், டெல்லி பிரின்சஸ் என்பன 1960களின் தொடக்கத்தில் வெளிவந்து பெயர் பெற்றவை. 1966இல் விமான விபத்தில் மறைந்த அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் பெயரால் ஒரு வெள்ளை ரோஜாவையும் உண்டாக்கினார். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வாயிலாக விளங்கும் சூளூர்பேட்டையில் வாழும் நமக்குப் பாபாவின் பெயர் புதிதன்று. விண்வெளி ஆய்வு இந்நாட்டில் அணுசக்தித் துறையின் அரவணைப்பில் அவர் காலத்தில்தானே தொடங்கிற்று!

இங்கே நாம் ஊன்றி அறியவேண்டியது ஒன்று உண்டு. ரோஜாவின் விதை தாய்ச் செடியைப் போன்ற செடியைத் தராது. ஒரு வகை அதே வகையாகப் பெருக வேண்டுமானால் குச்சி நடுதல் வேண்டும். அல்லது அதன் கண்ணைச் சீவி எடுத்து வேறோர் அடிச்செடியில் ஒட்டுக் கட்டுதல் வேண்டும். ஆதலின் உலகில் ஒரே ஒரு தோட்டத்தில் மட்டும் உள்ள ரோஜா, அத்தோட்டம் காய்ந்தால் அன்றோடு அழிந்துபோகும். நூறு வீடுகளில் உள்ளதோ, தொண்ணூறு வீடுகளில் பட்டுப்போனாலும் பிழைத்துக்கொள்ளும். ரோஜாவைப் பொறுத்தவரை கொடுப்பதே காப்பது. பூட்டி வைப்பது இழப்பது.

இவ்வுண்மைக்கேற்பவே பால் அவர்களின் வாழ்வும் அமைந்தது. ரோஜா வளர்ப்போர் ஒன்றுகூடிச் செடியையும் அனுபவத்தையும் பரிமாறிக்கொள்ளச் சங்கம் கண்டவர்களுள் அவர் முன்னவர். காகிதப் பூச்செடி வளர்ப்போர்க்கும் அவ்வாறே துணை நின்றார். கொடி மலர்களைப் பற்றி 1960இலும், இந்திய நாட்டு ரோஜாவைப் பற்றி 1966இலும் நூல்கள் எழுதினார். ஆராய்ச்சிக் கூடத்தில் அறிந்ததை நான்கு தொட்டி வைத்திருப்பவரும் அறியச் செய்த நூல்கள் அவை. ஓய்வுக்குப் பின்னர் நாட்டின் சுற்றுச்சூழல் திட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். இலண்டன் ராயல் சொசைட்டி 1972இல் அவரை உறுப்பினராக்கியது. 1987இல் பத்மவிபூஷண் விருது வந்தது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் வீட்டையும் பொருளையும் தாம் உழைத்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கே அளித்துவிட்டார். 1989 செப்டம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தார். பிள்ளைகள் இல்லை, ஆயினும் அவர் கைபட்டுப் பிறந்த ரோஜாக்கள் முகமறியாதார் முற்றங்களில் இன்றும் பூக்கின்றன.

நம் குடியிருப்பை நோக்குவோம். பழவேற்காட்டு ஏரியை அடுத்த நம் ஊரில் கோடை வெயில் கடுமையானது. ஆயினும் வாசலில் இரண்டு தொட்டி இல்லாத வீடு குறைவு. மணம் மிகுந்த பன்னீர் ரோஜாவை நம் பெண்மக்கள் எவ்வளவு விரும்புவர் என்பது யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் ஆந்திரச் சிவப்பு என்றே ஒரு ரோஜா வகை வழங்குகிறது. எல்லை கடந்து சென்ற செடி வந்த நாட்டின் பெயரை மறவாமல் பூக்கிறது. எல்லை கடந்து வந்த நாமும் அவ்வாறே வாழ்கிறோம் அன்றோ? ஒட்டுச் செடிக்கு வேர் ஒன்று, பூ ஒன்று. வேர் இந்த மண்ணின் நீரைக் குடிக்கும். பூ தன் நிறம் மாறாது. தெலுங்கு மக்களோடு உறவாடித் தமிழைப் பேணும் நம் வாழ்வுக்கு இதனினும் நல்ல உவமை வேண்டுவதில்லை.

மாற்றலாகிச் செல்லும் குடும்பம் தொட்டிகளை எல்லாம் சுமந்து செல்ல இயலாது. செல்லுமுன் அடுத்த வீட்டார்க்கு ஒரு குச்சி, எதிர் வீட்டார்க்கு ஒரு பதியன் என்று கொடுத்துச் செல்வோமாயின் அச்செடி ஊரில் நிலைக்கும். நம் பெயரும் நிலைக்கும். மழைக்காலம் நடவுக்கு ஏற்ற காலம். இவ்வாண்டு மழை வருமுன் ஒவ்வொரு வீட்டாரும் தம்மிடமுள்ள நல்ல செடிகளில் ஒன்றைத் தமிழர் வீட்டுக்கு ஒன்றும், தெலுங்கர் வீட்டுக்கு ஒன்றுமாகப் பெருக்கி வைப்பார்களாக. பால் அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே. வாழ்க அவர் புகழ்! வளர்க நம் சங்கம்!