எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார்

எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் (1908 - மார்ச் 13, 1954) தமிழகத்தைச் சேர்ந்த வங்கியாளரும் தொழிலதிபரும் ஆவார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர். மரக்கூழிலிருந்து ரேயான் இழை தயாரிக்கும் தொழிலுக்கு இந்தியாவில் அடித்தளமிட்டவர்.

வங்கித் தொழில்

நகரத்தார் வணிகக் குடும்பத்தில் பிறந்த இவர், தந்தையின் மறைவுக்குப் பின் இளம் வயதிலேயே குடும்பத் தொழிலை ஏற்றார். இவர் தொடங்கிய வங்கி, பெப்ரவரி 10, 1937 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது.

திருவாங்கூர் ரேயான்ஸ்

இந்திய விடுதலைக்கு முன்பே, 1946 இல், திருவாங்கூர் ரேயான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பெரும்பாவூருக்கு அருகில் பெரியாற்றங்கரையில் அமைந்த அதன் ஆலையே இந்தியாவின் முதல் ரேயான் ஆலையாகும். 1950 இல் உற்பத்தி தொடங்கியது.

மரக்கூழை எரிசோடாவில் ஊறவைத்துக் கார்பன் டைசல்பைடுடன் சேர்த்தால், விஸ்கோஸ் எனப்படும் குழம்பு போன்ற கரைசல் கிடைக்கும். இதை நுண்துளைகள் வழியாக அமிலத்தொட்டியில் செலுத்தினால் ரேயான் இழையும், நீண்ட மெல்லிய பிளவு வழியாகச் செலுத்தினால் ஒளிபுகும் செலோபேன் தாளும் உருவாகும். பிற்காலத்தில் இவ்வாலை செலோபேனையும் தயாரித்தது. இன்று ஆய்வில் உள்ள நானோசெல்லுலோஸ் படலத்திற்கும் மரக்கூழே மூலப்பொருள். ஆனால் அதில் செல்லுலோஸ் கரைக்கப்படுவதில்லை; நுண்ணிழைகளாகப் பிரிக்கப்படுகிறது. இயற்கையான படிக அமைப்பு குலையாததால் அப்படலம் செலோபேனைவிட வலிமை மிக்கது.

மறைவு

மார்ச் 13, 1954 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் இவர் தமது 45 ஆம் வயதில் உயிரிழந்தார். விமானத்தில் இருந்த 40 பேரில் 33 பேர் இறந்தனர். இவருடைய வங்கி 1969 இல் நாட்டுடைமையாக்கப்பட்டது. ஆலை 2001 இல் மூடப்பட்டது. எனினும், ஆலையைச் சுற்றி உருவான ஊர் இன்றும் ரேயான்புரம் என்றே வழங்கப்படுகிறது.